வலப்பக்கக் கசிவு

2007 ஜூலை 2, திங்கட்கிழமை காலை, புதுச்சேரி உப்பளத்தில் உள்ள ஒரு மகளிர் விடுதியில் ஏழாம் எண் அறையின் இரண்டாவது கட்டில் காலியானது. இரண்டு ஆண்டுகளில் அந்தக் கட்டிலை விட்டுப் போன ஐந்தாவது பெண் அவர்.

முதல் நான்கு பேர் போனதற்குக் காரணம் சுலோசனாவின் குறட்டை. ஐந்தாவது பெண் போனது, அந்தக் குறட்டையை நிறுத்த வந்த கருவியால்.

சுலோசனாவுக்கு நாற்பத்தாறு வயது. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பத்தொன்பது ஆண்டுகளாக அதே அறை, அதே சன்னலோரக் கட்டில். முதல் பதினேழு ஆண்டுகள் அவருடன் தங்கியிருந்த தையல் ஆசிரியைக்கு இரண்டு காதும் மந்தம். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகுதான் ஏழாம் எண் அறையின் சத்தம் விடுதிக்குத் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் அலுவலகத்தில் பேனாவைப் பிடித்தபடியே தூங்கி, மேசை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். மருத்துவமனையில் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு படுக்க வைத்தார்கள். தூக்கத்தில் மணிக்கு நாற்பத்தொரு முறை மூச்சு நின்று நின்று வருவதாகக் காகிதம் வந்தது. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிறிய இயந்திரம் ஒன்றையும், அதன் குழாய் நுனியில் மூக்கை மூடும் மாஸ்க்கையும் டாக்டர் எழுதித் தந்தார். டிபன் கேரியர் அளவு இயந்திரம். அது அவ்வளவாகச் சத்தம் போடவில்லை. மாஸ்க்தான் இரவெல்லாம் சீறியது. "குறட்டைன்னாகூட ஆளு தூங்குதுன்னு தெரியும். இது கட்டிலுக்கு அடியில பாம்பு இருக்கற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் ஐந்தாவது பெண் பெட்டியைக் கட்டினார்.

அன்று மாலை வார்டன் தனக்கொடி ஏழாம் எண் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எனக்கு உம்மேல ஒண்ணும் கெடையாது சுலோசனா. கமிட்டியில கேக்கறாங்க. நாளைக்கு ஒரு பொண்ணு வருது, இங்க நம்ம புதுச்சேரி மேட்டுப்பாளையத்துல கம்பெனி வேலை. இதுவும் புகார் எழுதிக் குடுத்துட்டுப் போச்சுன்னா நீ ரூமக் காலி பண்ற மாதிரி ஆயிடும். மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்."

"தனியா ஒரு ரூம் குடுத்தா..."

"தனி ரூம் இங்க ஏது? இருந்தா மொதல்ல நான் போய்ப் படுத்திருப்பேன்."

வெளியே வீடு பார்ப்பதென்றால் முதல் கேள்வி, புருஷன் எங்கே என்பது. சுலோசனா ஏற்கெனவே இரண்டு முறை அந்தக் கேள்வியோடு திரும்பி வந்திருக்கிறார். 1984இல் கல்யாணம். பதினான்காவது மாதம் கணவர் அவரைக் கடலூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து பாகூரில் அப்பா வீட்டில் விட்டார். "ராத்திரி முச்சூடும் ரைஸ் மில்லு ஓடுது. நான் காலைல வேலைக்குப் போவ வேணாமா?" என்று மாமனாரிடம் சொன்னார். காப்பி குடித்தார். அடுத்த பஸ்ஸில் போனார். பிறகு வரவில்லை. பஞ்சாயத்தும் இல்லை, வக்கீல் நோட்டீசும் இல்லை. அப்பா போன பின் அந்த வீடு தம்பியின் குடும்பத்துக்கே போதாமல் ஆனது.

புதிதாக வந்தவள் தாமரைச்செல்வி. இருபத்துநான்கு வயது, உளுந்தூர்பேட்டைப் பக்கம். வந்த அன்றே சுலோசனா அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "எங்க வீட்ல ஒரே கூடத்துல ஒம்போது பேரு படுப்போம்க்கா. இதெல்லாம் ஒரு சத்தமா?" என்றாள் அவள்.

மாஸ்க் சீறுவதாக சுலோசனா போனில் சொன்னதன் பேரில், வியாழக்கிழமை, இயந்திரம் விற்ற கம்பெனியிலிருந்து பிரேம்குமார் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், டை கட்டியிருந்தார். பார்வையாளர் அறை மேசையில் மூன்று மாஸ்க்குகளை வரிசையாக வைத்தார். ஒன்று நெற்றியில் முட்டுக்கொடுக்கும் பெரிய மாஸ்க். இரண்டாவது மூக்கை மட்டும் மூடும் சிறியது. மூன்றாவதில் மூடியே இல்லை. மூக்குத் துவாரத்தில் பொருத்தும் இரண்டு மெத்தென்ற குமிழ்கள்.

"மூணையும் வச்சுக்குங்க மேடம். ஒவ்வொண்ணும் மூணு நாலு நாள் போட்டுப் பாத்துட்டு எது வசதின்னு போன் பண்ணுங்க. சத்தம் மட்டும் உங்களுக்குத் தெரியாது. சாரைக் கேளுங்க."

"எந்த சாரை?"

பிரேம்குமார் சுற்றிப் பார்த்தார். சுவரில் விடுதி விதிகள் மாட்டியிருந்தன. "சாரி மேடம். பக்கத்துல படுக்கறவங்களக் கேளுங்க."

மூக்கின் அளவைப் பார்க்கப் பிளாஸ்டிக் அட்டை ஒன்று அவரிடம் இருந்தது. ஆண் நோயாளி என்றால் அவரே முகத்தில் வைத்துப் பார்த்து, மாஸ்க்கை மாட்டி, விளிம்பை விரலால் அழுத்திச் சரிசெய்வார். சுலோசனாவிடம் அட்டையை நீட்டி, கண்ணாடி பார்த்து அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னார். மாட்டும் முறையைத் தன் முகத்தில் மாட்டிக் காட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்த சமையல்காரம்மா சின்னப்பாப்பா, "யாருக்கு ஒடம்பு, ஒனக்கா அந்தத் தம்பிக்கா?" என்று கேட்டார்.

பெரிய மாஸ்க்கில் காற்று கண்ணுக்கு ஏறியது. காலையில் கண் மணல் போட்டதுபோல் இருந்தது. சிறியது முகத்துக்கு லேசாக இருந்தது. குமிழ்கள் வைத்தது வலப்பக்கம் வலித்தது. ஒவ்வொரு நாள் காலையும் சுலோசனா எழுந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். தாமரைச்செல்வியும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"ஒண்ணுமே கேக்கலக்கா. நான் படுத்தா பொணம்."

பத்து நாளில் சுலோசனாவுக்குத் தூக்கம் திரும்பியிருந்தது. அலுவலகத்தில் மதியம் கண் சொருகவில்லை. சத்தம் எதிலும் இல்லை என்பதால் வசதியை வைத்து முடிவு செய்தார், சிறியதே போதும். திங்கட்கிழமை பிரேம்குமாருக்குப் போன் செய்து மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அறையைப் பெருக்கியபோது, தாமரைச்செல்வியின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து பஞ்சு வந்தது. ஒன்றிரண்டு அல்ல. விரல் நுனி அளவுக்கு உருட்டி, தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சு உருண்டைகள். துடைப்பத்தை வைத்துவிட்டு, சுலோசனா அவற்றை முறத்தில் அப்படியே வைத்திருந்தார்.

தாமரைச்செல்வி ஆறரை மணிக்கு வந்தாள். முறத்தைப் பார்த்தாள்.

"காது வலிக்கா."

"ரெண்டு காதுமா? பத்து நாளாவா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "நீங்க காலைல எழுந்து மூஞ்சியப் பாத்துக்கினே கேப்பீங்க. நான் இன்னான்னு சொல்றது? நான் வந்த அன்னிக்கே வார்டன் சொல்லிட்டாங்க, ஒன் வாய்லதான் அவங்க ரூமு இருக்குதுன்னு."

"அதுக்குன்னு பொய் சொல்லுவியா? நான் இதையே வாங்கிப் போட்டுக்கினு இருந்திருப்பேன். ரெண்டு மாசம் பஞ்சு வப்ப. மூணாம் மாசம் நீயும் எழுதிக் குடுத்துட்டுப் போவ."

தாமரைச்செல்வி செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

"சரி, நெசத்தச் சொல்லு. எப்பிடி இருக்குது சத்தம்?"

"மூணும் ஒரே மாரிதான். குக்கர்ல வெயிட்டு எழும்பறதுக்கு முன்னாடி ஒரு 'ஸ்ஸ்' வருமில்ல, அது. நிக்காது. நீங்க சன்னல் பக்கம் திரும்புனா கொறையும், என் பக்கம் திரும்புனா ஜாஸ்தியாவும்." சிறிய மாஸ்க்கை எடுத்து விளிம்பைத் தடவினாள். "லீக்குக்கா அது. மாஸ்க்கு சத்தம் இல்ல. லீக்கு."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"என் வேலையே அதானக்கா."

மேட்டுப்பாளையத்தில் அவள் வேலை செய்த இடத்தில் பிளாஸ்டிக் கேன்கள் செய்தார்கள். வாயை அடைத்து, உள்ளே காற்று விட்டு, தண்ணீர்த் தொட்டியில் அழுத்த வேண்டும். குமிழி வந்தால் எந்த இடம் என்று சாக்பீஸால் வட்டம் போட்டுத் தனியே வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு கேன். தொட்டியில் வேறு கேன் இருந்தால் ஈர விரலைச் சுற்றி நகர்த்தினாலே போதும், காற்று வரும் இடத்தில் சில்லென்று படும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைத் தாழிட்டார்கள். சுலோசனா சிறிய மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார். தாமரைச்செல்வி இயந்திரத்தைப் போட்டாள். சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, மாஸ்க்கின் விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்தினாள். முதலில் முன்பக்கம் காற்று வந்தது. "இது வேணும்னே வுட்ட ஓட்டை. மூச்சு வெளிய போவ" என்றாள். பிறகு மூக்குத் தண்டு, இடது கன்னம், மேலுதடு. சுலோசனா கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருவர் கை அவர் முகத்தில் பட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பது அவருக்கே நினைவில்லை. மருத்துவமனையில் ஒயர் ஒட்டியவர்கள்கூடக் கையுறை போட்டிருந்தார்கள்.

விரல் வலது பக்கம் வந்து நின்றது.

"ஆப்டுச்சு."

சுலோசனா கண்ணைத் திறந்தார்.

"மூக்குத்திக்கா. மாஸ்க்கு அது மேல ஏறி ஒக்காந்துக்கினு இருக்குது. பெருசு போட்டா அதுக்குள்ள போவுது, ஆனா கன்னத்துல ஒக்காரல. அந்தக் குமிழு போட்டா உள்ள திருகு இடிக்குது. அந்த டை கட்ன ஆளு பாக்கவே இல்லியா?"

"அந்தத் தம்பி என் மூஞ்சியவே சரியாப் பாக்கல."

இருவரும் சிரித்தார்கள். மாஸ்க்கோடு சிரித்ததில் காற்று எல்லாப் பக்கமும் பீறிட்டது.

ஐந்து கல் மூக்குத்தி அது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பாகூரில் போட்டது. சுலோசனா அன்று அரை மணி நேரம் திருகிப் பார்த்தார். சோப்பு போட்டும் நகரவில்லை.

மறுநாள் அலுவலகம் விட்டு, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் சாமிக்கண்ணு ஆசாரியின் கடைக்குப் போனார். எழுபது வயதுக்காரர். விளக்கைத் திருப்பி மூக்கின் உட்புறத்தைப் பார்த்தார்.

"திருகு ஒட்டிப் போச்சிம்மா. கழட்டி எத்தினி வருசம் ஆவுது?"

"போட்டதோட சரி. இருபத்து மூணு வருசம்."

"வெட்டித்தான் எடுக்கணும்." சிறிய கட்டரைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. ஊட்டுக்காரரு இருக்காரு இல்ல?"

"இருக்காரு."

"வெட்டி எடுக்கச் சொல்லி வரவங்க அந்தக் காரியத்துக்குத்தான் வருவாங்க. அதான் கேட்டேன். வெளிய நிக்கறாரா?"

"கடலூர்ல இருந்தாரு. இப்ப எங்கன்னு தெரியாது."

ஆசாரி விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். இரண்டு நிமிட வேலை. லேசாக ரத்தம் வந்தது. மூக்குத்தியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "வேப்பங்குச்சி ஒண்ணு செருகி வச்சுக்க. இல்லன்னா தொளை தூந்துடும்."

"குச்சியிலயும் காத்து போவுங்க. வேணாம்" என்றார் சுலோசனா. ஆசாரிக்கு அது புரியவில்லை.

அலுவலகத்தில் இரண்டு நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து மேசை ஹேமலதா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லவே இல்லியே மேடம். எப்ப?" என்றார். தூங்கும்போது மாஸ்க் போடுவதற்காகக் கழற்றியதாக சுலோசனா சொன்னார். ஹேமலதா தலையாட்டினார், கையை விடவில்லை. அன்று மதியம் மூன்று பேர் தங்கள் டிபன் பாக்ஸிலிருந்து அவருக்குப் பங்கு வைத்தார்கள்.

காயம் ஆற ஐந்து நாள் ஆனது. அதுவரை மாஸ்க் போட முடியவில்லை. ஐந்து இரவும் குறட்டைதான். தாமரைச்செல்வி வெளிப்படையாகவே பஞ்சு வைத்துக்கொண்டாள். ஆறாம் நாள் இரவு சுலோசனா சிறிய மாஸ்க்கை மாட்டினார். காலையில் வழக்கமான கேள்வியைக் கேட்காமல், போர்வையை உதறி, பல் விளக்கி வந்து, காத்திருந்தார்.

தாமரைச்செல்வியின் கண் சிவந்திருந்தது.

"தூங்கலியா?"

"எங்க தூங்கறது? சத்தமே இல்ல. செத்து கித்துப் பூட்டீங்களான்னு நாலு வாட்டி எழுந்து மூக்கு கிட்ட கைய வச்சுப் பாத்தேன்."

"பஞ்சு?"

"காதத் தொட்டுப் பாருங்க."

சுலோசனா தொட்டுப் பார்த்தார்.

பிரேம்குமார் மற்ற இரண்டு மாஸ்க்குகளையும் வாங்கிப் போனார். அவர் கொண்டுவந்த படிவத்தில் 'உடன் உறங்குபவர்' என்று ஒரு வரி இருந்தது. சுலோசனா அதில் தாமரைச்செல்வியின் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் 'அறை 7' என்று எழுதினார்.

ஜூலை 31 மாலை வார்டன் தனக்கொடி சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துத் தாமரைச்செல்வியைக் கேட்டார். புகார் ஒன்றும் இல்லை என்றாள் அவள். சுலோசனா காலி செய்ய வேண்டிவரவில்லை.

தாமரைச்செல்வி ஒன்பது மாதம் அந்த அறையில் இருந்தாள். 2008 ஏப்ரலில் ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்துப் போனாள். அடுத்த வாரம் துர்கா என்ற நர்ஸ் அந்தக் கட்டிலுக்கு வந்தார். அவரும் புகார் சொல்லவில்லை.