‘எ’ போட்ட ஆள்

ஒவ்வொரு தெருவையும் ஆண்டுக்கு ஒருமுறை யாராவது ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாத தெருவை அன்று மாலையே எடுத்துவிடுவார்கள். பக்கத்து உப்புக்காரத் தெரு அப்படித்தான் போயிற்று. அங்கே இப்போது வெயில் மட்டும் அடிக்கிறது.

இந்தமுறை சங்குகுளித் தெருவுக்காக அமலோற்பவம் போனாள். மற்றவர்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். அவள் புருஷன் சவரிமுத்து நோயாகக் கட்டிலில் கிடந்தார்.

“பயப்படாத. இருக்கிறத இருக்குன்னு சொல்லு, போதும்” என்றார்.

அலுவலகத்தில் அதிகாரியம்மா ஜன்னலைத் திறந்தாள். வெளியே ஒன்றுமில்லை.

“சொல்லுங்கம்மா.”

“தேர் இஸ் எ ஸ்ட்ரீட்.”

தெரு வந்து நின்றது. அமலோற்பவத்துக்குத் தெம்பு வந்தது. ‘சர்ச்’ என்றாள். மாதா கோயில் வந்தது. ‘தேர் ஆர்’ போட்டு வீடுகளைச் சொன்னாள். எல்லா வீடுகளும் வந்தன. கிணற்றுக்கு வார்த்தை வரவில்லை. கிணறு இருந்த இடம் மண்மூடிக்கொண்டது.

“ஒங்க வீட்டுல யாரு?”

‘புருஷன்’ என்பதற்கும் இங்கிலீஷ் வார்த்தை அவளுக்கு வரவில்லை.

“தேர் இஸ் எ மேன்.”

“சரியான வாக்கியம். போகலாம்.”

ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள். கட்டிலில் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். சவரிமுத்து எங்கேயும் இல்லை. வந்த வழியே திரும்பி ஓடினாள்.

“எம்மா, அது அவரு இல்ல. வேற யாரோ.”

“‘எ’ போட்டா யாரோ ஒருத்தர்தான் வருவாரு. ‘தி’ போட்டாத்தான் நமக்குத் தெரிஞ்ச ஆளு.”

“அப்ப இப்பப் போடுதேன். தி மேன்! தி மேன்!”

“கத்தாதீங்க. ‘தி’ போடணும்னா அந்த ஆளு முன்னாடியே இருக்கணும்.”

“இருந்தாரே! காலைலகூடப் பேசினாரே!”

“இருந்தாரு. இருக்கணும்” என்றாள் அதிகாரியம்மா. ஜன்னலைச் சாத்தினாள்.

அமலோற்பவம் வீட்டுக்கு வந்தாள். அந்த ஆள் எழுந்து நின்றான். அவனும் பயந்திருந்தான்.

“நா இங்க என்ன செய்யணும்க்கா?”

அவள் கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து உதறினாள்.

“படு” என்றாள். “அவரு செவத்தப் பாத்துத்தான் படுப்பாரு.”

அவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். அவள் போர்வையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் ஆண்கள் எல்லாரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தாள்.

அப்படி இல்லை.