பெரிய பங்கு

"கடையை நான் எடுத்துக்கிறேன்" என்றார் என் கணவர்.

எனக்குக் காது அடைத்துப்போனது. வீடு என்று சொல்ல வந்தவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்களுக்குச் சமரசம் பேசிய வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"யோசிச்சாச்சு மேடம்" என்றார் அவர்.

எங்களுக்குள் அடிதடி கிடையாது, இன்னொருத்தி கிடையாது. பேச்சுதான் செத்துப்போயிருந்தது. கடையில் "சில்லறை இருக்கா", வீட்டில் "லைட்டை அணைச்சிடு", இவ்வளவோடு ஒரு வருடம் ஓடியபோது பிரிந்துவிடலாம் என்று அவரே சொன்னார். நானும் சரி என்றேன். அதற்குக்கூட ஒரு சண்டை தேவைப்படவில்லை.

பங்கு பிரிப்பதில்தான் சிக்கல் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்தது யார் பேரில் இருந்தாலும் இரண்டு பேருக்கும் பொது, பிறந்த வீட்டிலிருந்து வந்தது மட்டும் அவரவருக்கு என்று வைத்துக்கொள்வோம் என்றார் வக்கீலம்மா. எங்களிடம் இருந்தது ஒரு வீடு, ஒரு கார், பேங்கில் கொஞ்சம் சேமிப்பு, ஒரு பேக்கரி. பேக்கரியை எப்படிப் பாதியாக வெட்டுவது? பாதி அடுப்பை வைத்துக்கொண்டு யார் என்னத்தைச் சுட முடியும்?

"கேக்கு பங்கு போடுற மாதிரி போட்டுக்கலாம்" என்றார் என் கணவர்.

வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை. கடை சாத்தும்போது விற்காமல் நிற்கும் கடைசி கேக் துண்டை நாங்கள் பங்கு போடும் முறை அது. நான் வெட்டுவேன், அவர் எடுப்பார். வெட்டியவர் முதலில் எடுக்கக் கூடாது, எடுத்தபின் மாற்றக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். கேட்டதும் வக்கீலம்மா சிரித்தார். "நல்ல முறையா இருக்கே. நீங்க ரெண்டு பங்கா பிரிங்கம்மா, அவர் ஒண்ணை எடுக்கட்டும்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மனிதரை எனக்குத் தெரியாதா? கத்தி ஒரு நூல் கோணினாலும் போதும், எது பெரிசு என்று கண்ணாலேயே எடைபோட்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதையே எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறவர்.

எனக்கு வேண்டியது கடை ஒன்றுதான். மாவு பிசைவதும், புளிக்க விடுவதும், அடுப்பில் தள்ளுவதும் நான். அவர் முன்னால் கல்லாவில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். கையில் மாவு படாத நாளில் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றும். கடை போய்விட்டால் காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்றே தெரியாது. அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார் என்று வாயைத் திறக்கவில்லை.

அதனால் ஒரு பங்கை ஊதிப் பெருக்கினேன். வீடு, கார், சேமிப்பு முழுவதும், அவர் சாய்ந்து கிடந்து டிவி பார்க்கும் நாற்காலி வரைக்கும் அதில் போட்டேன். அம்மா எனக்குப் போட்ட வளையல்களையும் சேர்த்தேன். "இது உங்க பொறந்த வீட்டு நகை, பங்குலயே வராது" என்று வக்கீலம்மா தடுத்தார். "இருக்கட்டும் மேடம்" என்று தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இன்னொரு பங்கில் கடையும், தள்ளினால்தான் கிளம்பும் ஒரு வேனும் மட்டும்.

என் அண்ணன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ரொம்பப் புத்திசாலித்தனமா இருக்கும்மா. அதான் பயமா இருக்கு."

"அவரைப் பத்தி உனக்கென்ன தெரியும்ணே" என்றேன்.

இப்போது அந்த மனிதர் கடை வேண்டும் என்கிறார்.

"வீட்டுப் பங்குதான் ரொம்பப் பெரிசு. தெரியுதுல்ல?" என்று வக்கீலம்மா அவரிடம் மறுபடியும் கேட்டார்.

"தெரியுது மேடம். அதனாலதான். நின்னு நின்னு இவளுக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. வீடு, பணம் எல்லாம் இவகிட்டயே இருக்கட்டும். இனியாவது உக்காரட்டும். நான் கடையை வித்துட்டு எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்குவேன்." என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "கேக்கு வேற, இது வேற."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை என் கதை. என் கால் வீங்குவதை இவர் எப்போது பார்த்தார்? நல்லது செய்கிற மனிதரிடம் போய் ஏன் நல்லது செய்கிறாய் என்று கேட்க முடியுமா? வாயை மூடிக்கொண்டிருந்தால் பணக்காரியாக வெளியே போகலாம். ஆனால் விற்றுவிடுவேன் என்கிறாரே. யாரோ வந்து என் அடுப்பைப் பெயர்த்து எடுத்துப்போவது கண்முன் தெரிந்தது.

"எனக்குக் கடைதான் வேணும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். "அப்புறம் ஏன் இப்படிப் பிரிச்ச?"

"நீங்க வீட்டை எடுப்பீங்கன்னு..."

"எப்படித் தெரியும்?"

"பெரிய பங்கைத்தானே எடுப்பீங்க."

அவர் முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், சலித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அவமானப்பட்டுப் பார்த்ததில்லை. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ரெண்டு பேரும் சம்மதிச்சா மாத்திக்கலாம். சட்டம் ஒண்ணும் தடுக்கல" என்று வக்கீலம்மா அவரைப் பார்த்தார்.

அவர் என்னைப் பார்த்தார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"இப்பக் கேக்குறேனே."

"இப்ப நீ கேக்கல. மாட்டிக்கிட்ட."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். என் பக்கம் காகிதம் வந்தது. எடுத்தது எடுத்ததுதான் என்று முதல் நாளே தலையாட்டியவள் நான். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதை அம்மா போட்ட வளையலையும் சேர்த்துவைத்து நானே வைத்துக்கொண்டேன். நானும் போட்டேன்.

படியில் இறங்கும்போது, "யாருக்கு விக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"விக்கல. நடத்தப் போறேன்."

"நீங்களா? மாவு யார் பிசையுறது?"

"நான்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீம்புக்குச் செய்கிறார், இரண்டு நாளில் எல்லாம் கருகிப்போகும் என்று வயிறு எரிந்தது. அந்த ரொட்டியாவது பிழைக்கட்டும் என்று, "அடுப்புல இடது பக்கம் சூடு அதிகம்" என்று ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார்.

"பாதியில ட்ரேயைத் திருப்பி வைக்கணும். மழை நாள்ல தண்ணியைக் கொறைக்கணும். மாவை விரலால அழுத்தினா குழி மெதுவா எழும்பணும், சட்டுன்னு எழுந்தா இன்னும் புளிக்கல."

படியிலேயே நின்றுவிட்டேன். இதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"யார் சொன்னா உங்களுக்கு?"

"கல்லாவுல உக்காந்தா நீதான் தெரிவ" என்றார். கடைச் சாவிக்காகக் கையை நீட்டினார்.