கிடுக்கி

எங்கள் வரிசையில் கிடுக்கியைத் தட்டினால் "யாரு?" என்று கேட்கிற வழக்கம் கிடையாது. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. கேட்கிற அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான். தெருவாசலைத் தட்டுகிறவன் வரி கேட்க வந்தவனாக இருக்கலாம், வளையல்காரனாக இருக்கலாம். கிடுக்கியைத் தட்டுகிறவள் நம் மனுஷி.

கிடுக்கி என்பது கொல்லைச் சுவரில் வைத்த குட்டைக் கதவு. குனிந்துதான் போகவேண்டும். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பின் மதிலை ஒட்டி, முதலாளி தன் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த மூன்று வீடுகள்தான் எங்கள் வரிசை. மதிலோரம் ஹலீமா காலா வீடு; காலா என்றால் அவர்கள் பாஷையில் சின்னம்மா. நடுவில் கண்ணம்மா அத்தை வீடு. ரோட்டோரம் எங்கள் வீடு. கோஷாப் பெண்கள் தெருவில் இறங்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்வர, சாயபுமார் தெருக்களில் இப்படிக் கதவு வைப்பார்கள். முதலாளி கட்டின கையோடு எங்களுக்கும் சேர்த்தே வைத்துவிட்டார்.

ஹலீமா காலா அதை உருதுவில் 'கிட்கி' என்பாள். எங்கள் வாயில் அது கிடுக்கி ஆகிவிட்டது. "நான் ஜன்னல்னு சொன்னா நீங்க கொறடுன்னு சொல்றீங்களே" என்று சிரிப்பாள். கொல்லன் பட்டறையில் காய்ந்த இரும்பைப் பிடிக்கிறானே, அதுவும் கிடுக்கிதான். அந்த வயசில் எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இப்போது எங்கள் வரிசையைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தக் காலத்தில் மூன்று ஜாதியும் என்ன ஒற்றுமை என்று உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒற்றுமையாவது மண்ணாவது! தினம் சண்டை. எங்கள் வீட்டிலும் காலா வீட்டிலும் கறி கொதித்தால் கண்ணம்மா அத்தை மூக்கைப் பொத்திக்கொள்வாள். பொத்திக்கொண்டே கிடுக்கி வழியாக வந்து உட்கார்ந்து எனக்குப் பேன் பார்ப்பாள். என் அம்மா சவுரியம்மாள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே காலாவோடு தண்ணீர்த் தொட்டிக்காகக் கத்துவாள். சாயங்காலம் அதே காலா மடியில் என்னைத் தள்ளிவிட்டு ஷாப்புக்கு மயிர் பிரிக்கப் போவாள். காலாவின் மகள் சைராவும் நானும் எந்த வீட்டில் பசித்ததோ அந்த வீட்டில் தின்று, எந்த வீட்டில் தூக்கம் வந்ததோ அந்த வீட்டில் விழுந்து கிடப்போம். என் பெயர் அந்தோணியம்மாள். அவள் வாயில் அந்து.

கண்ணாமூச்சியில் சைராவைப் பிடிக்க ஒருவராலும் முடியாது. இந்த வீட்டில் தேடினால் அந்த வீட்டில் இருப்பாள். அந்த வீட்டுக்குப் போனால் இங்கே வந்துவிடுவாள். ஒரு தடவை தேடின வீட்டை மறுபடி எவளும் தேடமாட்டாள் என்பது அவள் கண்டுபிடித்த சூட்சுமம். அதைத் தன் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள்.

சீமையில் ராணி செத்து ராஜா வந்திருந்த சமயம். முதலில் எலிகள் அடங்கின. தோல் ஷாப்பை ஒட்டின வீட்டில் எலிக்கு என்ன பஞ்சம்? தோலிலிருந்து வழித்த சதையைத் தின்று கொழுத்துப்போய் ராத்திரியெல்லாம் ஓட்டின்மேல் ஓடும். திடீரென்று ஒரு நாள் அந்தச் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. "அப்பாடா, நிம்மதியாத் தூங்கினேன்" என்றாள் அம்மா. ஹலீமா காலா மட்டும் ஓட்டை அண்ணாந்து பார்த்து, "எங்க போச்சுங்க எல்லாம்?" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

எங்கே போயின என்பதைக் கண்ணம்மா அத்தையின் புருஷன் ராமலிங்கம் கண்டுபிடித்தார். ஷாப்புக்கு ஆவாரம் பட்டை ஏற்றிவருகிற வண்டி அவருடையது. பட்டைக் குவியலின் அடியை வாரினபோது செத்த எலிகள் கூடை கூடையாக வந்தனவாம். மாட்டைப் பூட்டி, பாத்திரம் பண்டங்களை ஏற்றி, நெமிலியில் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வாணியம்பாடியில் வந்திருந்த பிளேக் எங்கள் மதிலுக்கு வந்துவிட்டது என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணம்மா அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தாயும் புள்ளையுமா இருந்தாலும் வாயும் வயிறும் வேறதான், சவுரி. மனசுல வெச்சிக்காத. கோழிங்களுக்குத் தீனி போடுங்க. கிடுக்கி ரெண்டையும் தெறந்தே வெச்சிட்டுப் போறேன்." தெருவாசலுக்குப் பூட்டுப் போட்டாள். வண்டி திரும்புகிறவரை எங்களைப் பார்க்காமல் மாட்டையே பார்த்துக்கொண்டு போனாள்.

அதற்கு முன்பே சைராவின் காலில் பட்டைச் சிராய் ஏறியிருந்தது. நானும் அவளும் குவியலின்மேல் குதித்த குதிப்பில் உள்ளங்காலில் ஆழமாக இறங்கிவிட்டது. அம்மாதான் அவள் காலை மடியில் வைத்து, முள்வாங்கியால் பிடுங்கி எடுத்தாள். ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டது போல. கால் வீங்கிச் சீழ் வைத்தது. தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொண்டது. அப்புறம் காய்ச்சல்.

காலில் புண் வந்து நெறி கட்டாத பிள்ளை ஊரில் உண்டா? மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டால் அடங்கும். ஆனால் அந்த வருஷம் நெறி என்கிற சொல்லையே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிளேக்குக்கும் அதே இடத்தில் நெறி, அதே காய்ச்சல். பாலாற்று மணலில் கீற்றுக் கொட்டகை போட்டு, நெறி கட்டினவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய துணிகளைக் கொளுத்துகிற புகை எங்கள் கொல்லையிலிருந்து தெரியும். போன வண்டி காலியாகத்தான் திரும்பும்.

மறுநாள் எங்கள் வரிசையைச் சோதனை போட வருகிறார்கள் என்று அப்பா ஷாப்பில் கேட்டுக்கொண்டு வந்தார். அந்தச் சாயங்காலம் கிடுக்கியில் வளையல் சத்தம் கேட்டது. ஹலீமா காலா விரலால் தட்டமாட்டாள். வளையல் போட்ட கையால் தட்டுவாள். தட்டுவதற்கு முன்னால் வளையல் கேட்டுவிடும்.

"சவுரி, சைரா காலை நீதானே பார்த்தே. சிராய்தானே அது?"

"சிராய்தான்க்கா. நான்தானே எடுத்தேன்."

"அவனுங்க கேக்கமாட்டானுங்க. நெறியைத் தொட்டா வண்டியில ஏத்திடுவானுங்க. கொட்டாய்ல போனா நோவு இல்லாத புள்ளைக்கும் நோவு வந்துடும்." காலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரோட்டுப் பக்கத்துல இருந்துதான் வர்றானுங்க. மொதல்ல உன் வூடு. அடுத்தது கண்ணம்மா வூட்டுப் பூட்டை உடைப்பானுங்க. அப்புறம்தான் நான். உன் வூட்டைப் பார்த்து முடிச்சிட்டாங்கன்னா மறுபடி வரமாட்டாங்க. பூட்டை உடைக்கிறதுக்குள்ள நான் புள்ளையைத் தூக்கிட்டு உன்னாண்ட வந்துடறேன்."

சைராவின் கண்ணாமூச்சி சூட்சுமம்தான் அது. அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கொண்டாக்கா. இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றாள். இதை நான் என் காதால் கேட்டேன்.

காலையில் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை, ஒரு நர்சம்மா, கையில் தார்ச்சட்டியோடு ஒரு சேவகன், இரண்டு போலீஸ்காரர்கள். அப்பா ரத்தினசாமி விடிவதற்குள்ளேயே சுண்ணாம்புக் குழிக்கு வேலைக்குப் போய்விட்டார். காலாவின் புருஷன் ஷபீ அஹமதும் ஷாப்பில்தான் இருந்தார். நர்சம்மா என் அக்குளையும் தொடையிடுக்கையும் அழுத்திப் பார்த்தாள். தூளியிலிருந்த தம்பியை எடுத்து, அவன் கால்களை விரித்து அழுத்தினாள். அவன் வீறிட்டான். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகளை அம்மா ஏற்கெனவே மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். நர்சம்மாவின் விரல்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணும் இல்லை" என்றாள் நர்சம்மா.

சோதனை முடிந்தது என்பதற்கு அடையாளமாகச் சேவகன் எங்கள் வாசல் கதவில் தாரால் ஒரு வட்டம் போட்டான். போட்டுக்கொண்டே, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னான். "நோவுக்காரங்களை எவளாவது மறைச்சி வெச்சான்னு தெரிஞ்சா வூடு மொத்தத்தையும் கொட்டாய்க்கு ஏத்திடுவோம். கைக்கொழந்தைன்னு பார்க்கமாட்டோம். தெரிஞ்சுதா?"

அவர்கள் இறங்கிப் போனதும் அம்மா தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள். பிறகு கொல்லைக்குப் போனாள். காலாவுக்காகக் கிடுக்கியைத் திறக்கப் போகிறாள் என்று நானும் பின்னாலேயே போனேன். அந்தக் கதவின் எங்கள் பக்கத்தில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. துருப்பிடித்துப்போய், இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்திருந்தது. அம்மா ஒரு கல்லை எடுத்து அதைத் தட்டித் தட்டி நகர்த்தினாள். கிறீச்சென்று போய் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

"ஏம்மா போடறே? காலா வருவாங்களே."

அம்மா கல்லைக் கீழே போட்டாள்.

தெருப்பக்கம் பூட்டை உடைக்கிற சத்தம் ஆரம்பித்தது. நடு வீட்டுக் கொல்லையில் கண்ணம்மா அத்தையின் கோழிகள் சிதறி ஓடின. யாரோ சுமையோடு வேகமாக வருகிற காலடி. வளையல். பிறகு தட்டு.

என் அம்மா கிடுக்கிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். ஒரு கையில் தம்பி.

"யாரு?" என்றாள்.

அந்தப் பக்கம் வளையல் சத்தம் நின்றுவிட்டது. தெருவில் சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது. ஹலீமா காலாவுக்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதுதானே? வரிசைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கதவில் அவளை யாரும் கேட்டதில்லை. கடைசியில், ஊர் பேர் தெரியாத வீட்டு வாசலில் நிற்கிறவள் போல, மெதுவாகச் சொன்னாள்.

"சைரா அம்மா."

அம்மா அசையவில்லை. "அந்து, தெறடி" என்று உள்ளே போன குரலில் சைரா கூப்பிட்டாள். நான் தாழ்ப்பாளுக்குத் தாவினேன். அம்மா என் மணிக்கட்டைக் கிடுக்கிப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற பிடி. திமிறினேன், கடித்தேன், விடவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தம்பி தலைமேல் விழுந்துகொண்டிருந்தது. விடவில்லை.

பூட்டு உடைந்தது. பூட்ஸ் சத்தம் நடு வீட்டுக்குள் புகுந்து கொல்லைக்கு வந்தது. கொல்லைதானே என்று காலா புர்க்காகூடப் போடாமல் ஓடிவந்திருந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே, தலையில் துணியில்லாமல், மகளைத் தூக்கிக்கொண்டு நின்றாளாம். இருந்த முந்தானையைத் தன் தலைக்குப் போடாமல் சைராவின் காலை மூடினாளாம். கதவின் இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் நர்சம்மாவின் குரல்தான். "இங்கே இருக்கு, நெறி."

காலா கத்தவில்லை. எங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களையும் ஏற்றியிருப்பார்கள். மகளோடு தானும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

தெரியாமல் பயந்தாள் என்றால் என் அம்மாவை மன்னித்துவிடலாம். அது சிராய் என்று அவளுக்குத் தெரியும், அவள் கையால் எடுத்தது. பயத்துக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தம்பி பிழைத்தான். இன்றைக்கு அவனுக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். அவர்களைத் தூக்கிக் கொஞ்சும்போதெல்லாம் எனக்கு அந்த வளையல் கேட்கிறது. அம்மாமேல் கோபமும் வருகிறது, கோபப்பட மனசும் வரவில்லை. அம்மா சாகிறவரைக்கும் இதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

கொட்டகையில் சைராவின் கால் புண் உடைந்து, சீழோடு பட்டைத்துண்டும் வெளியே வந்துவிட்டது. நெறி தானாக வடிந்தது. நோய் இல்லை என்று துரையே சொன்னார். ஆனாலும் உள்ளே வந்தவர்களைக் கெடு முடியாமல் விடமாட்டார்கள். அந்தக் கெடுவுக்குள் ஹலீமா காலாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மணலைத் தாண்டி எடுத்துப் போய்ப் புதைத்தார்கள். ஷபீ அஹமது மகளை மட்டும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வந்த அன்றைக்கு அம்மா அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தாள். காலா வைக்கிற மாதிரியே பூண்டும் வெந்தயமும் போட்டு வைத்தாள். தூக்கில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். கிடுக்கித் தாழ்ப்பாளைத் தானே கல்லால் தட்டித் திறந்துவிட்டாள். "நீ போய்க் குடு. என்னைக் கேட்டா..." என்றவள், முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

நடு வீட்டுக் கொல்லையில் கோழிகள் ஒன்றுகூட இல்லை. காலா வீட்டுக்கு வெள்ளையடித்து, வெயில் விழட்டும் என்று பாதி ஓட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சாத்தியிருந்த கிடுக்கியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பிரித்த ஓட்டின் வெளிச்சத்தில் சைரா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலில் கட்டு. எனக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது.

நான் எப்போதும் தட்டுவதில்லை. பூனை மாதிரி நகத்தால் பிராண்டுவேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ள சங்கேதம். அவள் உள்ளேயிருந்து மியாவ் என்பாள். பிராண்டினேன்.

உள்ளே அவள் எழுந்து நொண்டிக்கொண்டு வருவது கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

"யாரு?" என்றாள்.

தூக்கு என் கையில் சுட்டது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவளுடைய அம்மா நின்ற மாதிரியே நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சவுரியம்மா பொண்ணு."

அந்தக் கதவு வெறுமனேதான் சாத்தியிருந்தது. தள்ளினால் திறந்திருக்கும். நான் தள்ளுவதற்குள், அந்தப் பக்கம் கல்லால் தாழ்ப்பாளைத் தட்டிப் போடுகிற சத்தம் கேட்டது.