மோர் கொடுக்காத வீடு

“போன தடவ சொன்னதையே போட்டுக்கோங்க அம்மணி. சொன்ன சொல்ல மாத்துனா நல்லாவா இருக்கும்?” என்றார் ராமாத்தாள். அந்த வாரத்தில் இதே பதிலைச் சொன்ன இருபத்திரண்டாவது பெண் அவர். பென்சிலை ஒடித்து வீசிவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது எனக்கு.

தொண்ணூற்றாறாம் வருடம். கோவையில் ஒரு மனநல ஆராய்ச்சியில் ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை எனக்கு. மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் கேள்வித்தாள் ஒன்றை எங்கள் புரொபசர் தமிழாக்கியிருந்தார். இருபத்தொரு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மதிப்பெண். அந்தத் தாள் உண்மையைச் சொல்கிறதா என்று சோதிக்க, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓர் ஊரைப் பிடித்தோம். முப்பது பெண்கள். ஒரு முறை கேட்க வேண்டும்; பதினைந்து நாள் கழித்து அதையே மறுபடி கேட்க வேண்டும். பதினேழுக்கு மேல் வாங்கியவர்களை மட்டும் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து பார்ப்பார். மற்றவர்களைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. தாள் தவறவிட்டவர்களை யார் பார்ப்பது என்று நான் கேட்டேன். “தவறவிடாது சாஜிதா, அதுக்குத்தானே இவ்வளவு பாடு” என்றார் புரொபசர். அதற்கு மேல் சுவரில் போய்த்தான் முட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த ஊரின் மரியாதைதான் எனக்குச் சத்துரு. வீடு தேடி வந்தவளிடம் கஷ்டத்தைச் சொல்லி அனுப்புவது அங்கே அழகில்லை. வாங்க, உக்காருங்க, மோர் குடிங்க, நல்லா இருக்கறனுங்க, அவ்வளவுதான். குற்ற உணர்வு உண்டா என்று கேட்டால், “நாங்க யாரு சோலிக்கும் போறதில்லீங்க” என்பார்கள். முதல் தடவை கூச்சம், அடுத்த தடவை பேசுவார்கள் என்று நம்பினேன். அவர்களோ குழாயடியில் கூடிப் பேசி, முன்பு சொன்னதை ஒன்றுவிடாமல் நினைவுபடுத்தி, பரீட்சைக்குப் போவதுபோல் தயாராக இருந்தார்கள். வாக்கு மாறினால் கெட்ட பேர் அல்லவா! புரொபசருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு தடவையும் ஒரே விடை வருகிற கருவியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம்.

ராமாத்தாள் வீட்டுக்கு முதல் தடவை போனபோது அவர் கணவர் பாலுசாமி பக்கத்திலேயே நின்றிருந்தார். “எங்கூட்டுல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ளையப் பாக்க ஈரோட்டுல இருந்து மாப்பள ஊட்டுக்காரங்க வாராங்க” என்றார். மொத்த மதிப்பெண் பூஜ்ஜியம். இன்று பாலுசாமி தோப்புக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாருமில்லை. ராமாத்தாள் தலை வாரவில்லை. பதினைந்து நாளில் ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருந்தது. நான் வந்து அரை மணியாகியும் அவர் மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த ஊரில் அப்படி நடந்தது அந்த ஒரு வீட்டில்தான். அதற்கு என் தாளில் கேள்வி இல்லை.

“தூக்கம் வருதுங்களாக்கா?”

“வருதுங்க.”

“சாப்பிடறீங்களா?”

“சாப்பிடறனுங்க.” கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

“அக்கா, இதுல உங்க பேருகூட இல்லீங்க, வெறும் நெம்பர்தான். உள்ளதச் சொன்னாத்தான் டாக்டர் உங்களப் பாப்பாருங்க.”

“அம்மாக்காரிக்கு மண்ட சரியில்லைன்னு ஒரு பேச்சு வந்தா புள்ள கதி என்னாகறதுங்க? கண்ணாலம் முடியற வரைக்கும் நான் நல்லாத்தான் இருக்கோணும்.”

ஒன்பதாவது கேள்வி: சாகலாம் என்று எண்ணம் வருகிறதா?

“இல்லீங்க.” எல்லாவற்றையும்விட வேகமாக வந்த பதில் அதுதான்.

பூஜ்ஜியம் போட்டேன். கோபம் கோபமாக வந்தது. அவர்மேல், புரொபசர்மேல், இந்த இருபத்தொரு கேள்விகளைச் சுமந்துகொண்டு வெயிலில் அலையும் என்மேல். நானே பதினெட்டு போட்டுவிடலாம். டாக்டர் வாசலுக்கு வருவார். ஊரே பார்க்கும். பாலுசாமி கும்பிட்டுத் திருப்பி அனுப்புவார். பிறகு இந்த அம்மா என்ன ஆவார்?

எழுந்தேன். “இருங்க அம்மணி” என்று உள்ளே போனார். இப்போதாவது மோர் நினைவு வந்ததே என்று நினைத்தேன். ஒரு மஞ்சப்பையோடு வந்தார்.

“தென்னைக்கு அடிக்கற மருந்துங்க. இத நீங்க கொண்டுட்டுப் போயிருங்க.”

“எதுக்குங்கக்கா?”

“ஊட்ல இருக்க வேண்டாமுங்க.”

பையின் ஒரு காதை நான் பிடித்த பிறகும் மற்றதை அவர் விடவில்லை. பிறகு விட்டார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பொள்ளாச்சி பஸ் வந்தது. “ஏறுங்க, ஏறுங்க” என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார். கைப்பையில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் கேள்விக்கு எதிரே என் கையெழுத்தில் அழகான, வட்டமான பூஜ்ஜியம். இன்னொரு கையில் மஞ்சப்பைக்குள் மருந்து பாட்டில் கனத்தது. பஸ் கிளம்பிப் போய்விட்டது.

வந்த வழியே திரும்பி நடந்தேன். ராமாத்தாள் நான் விட்டுவந்த இடத்திலேயே, வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போனார். மோர்ப்பானையை நகர்த்தும் சத்தம் கேட்டது.