பானு கலர்

லாரி வந்தபோது, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, குறுக்கே நின்ற சைக்கிளை முத்து முகம்மது தானே நகர்த்தி வைத்தார். லாரியிலிருந்து இறங்கியதோ சம்மட்டியும் வெற்றுச் சாக்குகளும். அவர் விவரம் கேட்பதற்குள் அவருடைய சோடா கம்பெனி முற்றத்தில் முதல் பெட்டி கவிழ்ந்து, பாட்டில்கள் உடையத் தொடங்கின.

உடைத்தவன் வேற்றாள் இல்லை, கருத்தப்பாண்டி. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து வன்னியம்பட்டிக்கும் சோழபுரத்துக்கும் ட்ரை சைக்கிளில் கலர் கொண்டுபோய்ப் போட்டவன்.

"ஏலே, என்னலே செய்யுத?"

"பெரிய கம்பெனிக்காரவ உடைக்கச் சொல்லிட்டாவ, மொதலாளி. நான் மாட்டேன்னா வேற ஆளக் கூட்டியாருவாவ." அவன் தலை நிமிரவே இல்லை. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் கண்ணாடியிலேயே புடைத்து நின்றது பெயர்: பானு.

நூர்பானு அவருடைய ஒரே மகள். ஏழு வயதில் மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது. அந்த வருஷம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு சோடா மிஷின் வாங்கியிருந்தார். போர்டு எழுத வந்தவர் என்ன பேர் என்று கேட்டபோது அவர் வாயில் வேறு பெயர் வரவில்லை. பிறகு ஊரே அவளைக் கூப்பிட்டது. வயிறு உப்பினால் ஒரு பானு, பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தட்டில் நாலு பானு. அவர் மனைவி ஜெய்னப் மகளை அடக்கிய நாளுக்குப் பின் அந்தப் பெயரைச் சொன்னதே கிடையாது. ஆனால் மத்தியானமானால் தெருச் சன்னல் பக்கம் உட்கார்ந்து அரிசி பொறுக்குவாள். எதிர்க்கடையில் யாராவது, "அண்ணாச்சி, ஒரு பானு குடுங்க" என்றால் அவள் கை ஒரு கணம் நிற்கும். அதற்காகத்தான் அவள் அங்கே உட்காருகிறாள் என்பது அவருக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

தொண்ணூற்று நாலில் பெரிய கம்பெனியின் கறுப்புக் கலர் வந்தது. கடைக்கு ஒரு பிரிட்ஜ் சும்மா கொடுத்தார்கள். அதில் வேறு எதையும் வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம். பானு வெளியே வாளித் தண்ணீரில் வெந்துகொண்டு நின்றாள். வெயில் காலத்தில் சூடான கலரை யார் குடிப்பார்கள்?

அப்போதுதான் மதுரையிலிருந்து அந்தக் கம்பெனியின் அதிகாரி வந்தார். ஒரு பானுவை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பிரமாதம். பானுவை நாங்க எடுத்துர்றோம் பாய்."

பெருநாளைக்குச் சேலை எடுப்பதுபோல ஆசையாய் எடுக்கிறார்கள் என்றுதான் முத்து முகம்மதுவுக்குக் காதில் விழுந்தது. "பேரு மாறாதுல்லா?"

"அந்தப் பேரை இனி வேற யாரும் தொடவே முடியாது. சட்டப்படி எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று வீட்டில் சோற்றில் கை வைத்தபடியே சொன்னார். "மெட்ராஸ்லயும் நம்ம பிள்ளை பேரச் சொல்லிக் கூப்பிடப் போறாவ." ஜெய்னப் குழம்பை இன்னொரு கரண்டி அதிகமாக ஊற்றினாள்.

இப்போது அவள் புறவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முற்றம் முழுக்கக் கண்ணாடி. கடைசிச் சாக்கும் லாரியில் ஏறியபின் கேட்டாள்.

"எடுத்துட்டாவளா?"

மவுத்து வீட்டு வாசலுக்குப் பிந்தி வருகிறவர்கள் உடலைப் பற்றிக் கேட்கிற கேள்வி அது. அதே சொல், அதே தணிந்த குரல். முத்து முகம்மதுவுக்கு அப்போதுதான் அந்தச் சொல் விளங்கியது. அவருடைய கையெழுத்திலேயே மகளை இரண்டாம் தடவை எடுத்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து ஜெய்னப் அடுப்படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினாள். தெருச் சன்னலை யாரும் திறக்கவில்லை.

அவர் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். கடைகளில் வேண்டுமென்றே பானு கேட்டார். "இப்ப வாரதில்லயே பாய்" என்றார்கள் முதலில். அந்த அளவுக்காவது பெயர் தெரிந்ததே என்று திரும்புவார். நாளாக ஆக, அவருக்காக இரக்கப்பட்டு வேறு பேச்சுப் பேசினார்கள். அது அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த சித்திரையில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரரின் மருமகள், அழகுத்தாய் என்று பேர். அவர் கேட்குமுன்னே கறுப்புக் கலரை உடைத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

"இது வேண்டாம்மா. பானு இருக்கா?"

"பானுவா? அது யாரு?"

அவர் பாட்டிலைப் பிடித்தபடி நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சின்னப் பிள்ளையா? கூட்டத்துல விட்டுட்டியளா?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அய்யய்யோ, எம்புட்டு வயசு?"

"ஏழு."

அவள் போட்டது போட்டபடி இறங்கி ரோட்டோரம் ஓடினாள். தென்காசி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, "பானூ! ஏட்டி பானூ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பூக்காரி திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸுக்குள்ளிருந்து சில முகங்கள் பார்த்தன.

முத்து முகம்மது கையிலிருந்த பாட்டிலின் ஈரம் முழங்கை வரை வழிந்தது. அவள் இன்னொரு தடவை கூப்பிடுவதற்காக அவர் அசையாமல் நின்றார்.