ஆரோக்கியமேரியின் போர்வை

மூளைக் காய்ச்சலில் பிழைத்து வந்த ஆரோக்கியமேரிக்குத் தன் பெயர் தெரிந்திருந்தது. சோறு பிசையவும் தலை பின்னவும் கை மறக்கவில்லை. கூட வாழ்ந்தவர்களைத்தான் தெரியவில்லை. ஏரிக்கரை ஊரான தோணிரேவில் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் கையைப் பிடித்து இறக்க வந்த புருஷனைப் பார்த்து, "வுடுங்கண்ணே, நானே எறங்கிக்கிறேன்" என்றாள். பார்க்க வந்திருந்த பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். புருஷன் ஞானதாஸ் கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

பழகின பொருள்களை அவள் கண்ணில் படும்படி வையுங்கள், நினைவு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அனுப்பம்பட்டில் கட்டிக்கொடுத்த மகள் மஞ்சு அதில் முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தன் தையல் மிஷினை ஆட்டோவில் ஏற்றி வந்து அம்மா வீட்டுக் கூடத்தில் இறக்கினாள்.

"நம்ம எல்லார் துணியும் சேத்து ஒரு போர்வை தைக்கலாம் நைனா. அது மேலயே படுக்கட்டும், அதையே போத்திக்கட்டும். எதுனா ஒண்ணு ஞாபகத்துக்கு வரும்ல?"

ஞானதாஸுக்கும் வேறு வழி தெரியவில்லை. அப்பாவும் மகளும் டிரங்குப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார்கள். அவனுடைய கல்யாண வேட்டி, மஞ்சுவின் முதல் தாவணி, ஆரோக்கியமேரி இறால் விற்கப் போகையில் கட்டும் ஊதா நைலக்ஸ் சேலை, ஏரிக்கு மீன் பிடிக்கப் போகையில் அவன் கட்டும் கட்டம் போட்ட லுங்கி என்று ஒவ்வொன்றாக எடுத்து வெட்டினார்கள். பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் சின்ன வெள்ளைச் சட்டையும் நீல டவுசரும் இருந்தன. இருவருடைய கையும் நின்றது.

பெலிக்ஸ், மஞ்சுவுக்கு எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவன். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சல் கண்டு, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற வழியிலேயே அம்மா மடியில் போய்விட்டான்.

"இது வேணாம்" என்றான் ஞானதாஸ். "எல்லாம் ஞாபகம் வந்தாலும் இது மட்டும் வராம இருந்தா அவளுக்கு நல்லது."

மஞ்சு பையைக் கட்டி அடியிலேயே வைத்தாள்.

வலை பின்னிய கை என்பதால் தடித்த இடங்களை ஞானதாஸ் கோணூசியால் தைத்தான். மற்றதை மஞ்சு மிஷினில் ஓட்டினாள். ஓரம் கட்டத் துணி போதவில்லை. பரணில் பழைய வலைகளோடு கிடந்த பூப்போட்ட மஞ்சள் சேலை ஒன்றைக் கிழித்து நான்கு பக்கமும் கரை வைத்தார்கள். சாயம் போன பழஞ்சேலைதானே என்று இருவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

போர்வையை ஆரோக்கியமேரியின் மடியில் விரித்தார்கள்.

"இது இன்னா தெரியுதா? நம்ம கல்யாணத்துக்கு நான் கட்டின வேட்டி" என்றான் ஞானதாஸ்.

"அப்டியாண்ணே? நல்ல வேட்டிய வெட்டிட்டீங்களே."

மஞ்சு தாவணித் துண்டைத் தொட்டுக் காட்டினாள். "உன்னுதா பாப்பா? இந்தக் கலரு உனக்கு நல்லா எடுக்கும்" என்று சிரித்தாள் அம்மா, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சிரிப்பதைப் போல.

அப்புறம் அவள் விரல் கரைக்குப் போனது. மஞ்சள் துணியைக் கசக்கினாள். மூக்கருகில் கொண்டுபோனாள்.

"இது தூளி கட்டின சேலை" என்றாள்.

மஞ்சு அப்பாவின் முழங்கையை இறுகப் பிடித்தாள். "ஆமாம்மா. தூளிதாம்மா."

"பெலிக்ஸ் இஸ்கூல்லருந்து வந்துட்டானா?"

மஞ்சு எழுந்து வெளியே போனாள். ஞானதாஸ் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது சுவரோரம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "நானும் அதுலதானே நைனா கெடந்தேன்" என்றாள்.

உள்ளே போய், "வருவான்" என்று மட்டும் சொன்னான் ஞானதாஸ். ஆரோக்கியமேரி வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். பிள்ளைக்கென்று சோறு எடுத்து மூடி வைத்தாள். இருட்டியதும் தெருவில் இறங்கிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு அவளை வீட்டுக்குள் கொண்டுவருவதே பெரும்பாடாகிவிட்டது.

மறுநாள் ஞானதாஸ் உண்மையைச் சொன்னான். "பெலிக்ஸ் இல்ல மேரி. காச்சல்ல பூட்டான். நாமதான் பொதச்சோம்." அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பெலிக்ஸ் போன அன்று அழ வந்த அதே பெண்கள் மறுபடி வந்து அழுதார்கள். அழுது ஓய்ந்து தூங்கியவள், விடிந்ததும் டீயைக் குடித்துவிட்டு, "பெலிக்ஸ் கெளம்பிட்டானா?" என்றாள்.

திரும்பவும் சொன்னான். திரும்பவும் அதே அழுகை. கோயில் கல்லறைக்கு அழைத்துப் போய் சிலுவையில் இருந்த பெயரைக் காட்டினான். எழுத்துக் கூட்டிப் படித்து, சிலுவை போட்டுக்கொண்டாள். "பாவம், யாரு பெத்த புள்ளயோ. என் புள்ள பேரையே வச்சிருக்காங்க" என்றாள்.

அதற்குமேல் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

மஞ்சு ஒரு மதியம் அம்மா தூங்குகையில் கரையைப் பிரித்தாள். தையலை ஒவ்வொன்றாக அறுத்து மஞ்சள் துணியைச் சுருட்டி, ஊருக்குப் போகும்போது தன்னோடு எடுத்துப் போனாள். ஓரம் பிசிறடித்த போர்வையை ஆரோக்கியமேரி கவனிக்கவே இல்லை. ஆனால் பெலிக்ஸைக் கேட்பது நிற்கவில்லை. வந்த நினைவு துணியோடு போகவில்லை.

"மாத்திரை கீத்திரை ஏதாவது கேட்டுப் பாத்தியா நைனா?" என்றாள் மஞ்சு போனில்.

"கேட்டேன்மா. பொறுமையா இருங்கன்றாங்க."

"நான்தானே நைனா தைக்கலாம்னேன்."

"நானுந்தானே தைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

ஏரியில் வலை போட அவனுடைய முறை வரும் நாட்களில் கூட்டாளி தருமலிங்கம் வந்து வாசலில் நின்று பார்ப்பான். "நீ போய்ட்டு வா" என்று கை காட்டிவிடுவான் ஞானதாஸ். அவளை விட்டுவிட்டு எங்கே போவது?

பள்ளிக்கூடம் விடும் நேரமானால் அவளைப் பிடித்து வைக்க முடியாது. அதனால் அவனே இப்போது அவளோடு பஸ் நிறுத்தத்துக்குப் போகிறான். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு சிமெண்டுத் திட்டில் அவனுக்கு ஒரு முழம் தள்ளி உட்காருவாள், அந்நிய ஆணின் பக்கத்தில் உட்காருவதைப் போல.

நேற்று அவள் கேட்டாள். "தெனம் எனக்காக இங்க வந்து குந்திக்கினு கீறீங்களே, உங்களுக்குப் புள்ளைங்க இல்லியாண்ணே?"

"ரெண்டு" என்றான் ஞானதாஸ். "பொண்ணக் கட்டிக் குடுத்துட்டேன்."

"பையன்?"

அவன் ஏரிப் பக்கம் பார்த்தான். காற்று திரும்பியிருந்தது. படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன.

"ரெண்டாங் கிளாஸ்" என்றான்.

"என் புள்ள கூடத்தான் படிக்கிறான் போல" என்று ஆரோக்கியமேரி சந்தோஷமாகச் சொன்னாள். "வரட்டும், கேக்குறேன்."