ஒரு கட்டம் தள்ளிய செவ்வாய்

கச்சேரி ரோட்டில் குலாம் ரசூல் பாயின் கடைக்குப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் ஜாதகம் அடிக்க வருவார்கள். மீதிப் பேர் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருவார்கள். முதல் கூட்டத்திலிருந்து இரண்டாவது கூட்டத்துக்குப் போய்ச் சேராமல், அதே கடையில் உட்கார்ந்து இரண்டையும் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். வேறு யார் கதையாவது என்றால் நானும் சிரித்திருப்பேன்.

பாயிடம் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு மோடம் இருந்தன. தொண்ணூற்றெட்டில் அது பெரிய ஆஸ்தி. அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற மயிலாப்பூர் வீடுகள் எல்லாம் ஈமெயில் அனுப்ப எங்களிடம்தான் வரும். மோடம் கத்திக் கத்தி லைன் பிடிக்கும்வரை மாமிகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.

வேர்டில் ஜாதகக் கட்டம் போட முறையான வழி ஒன்று இருக்கிறது. டேபிள் போட்டு, அந்தந்தக் கட்டத்துக்குள் அந்தந்தக் கிரகத்தை அடிக்க வேண்டும். எங்கள் மெஷினில் அந்த டேபிள் சண்டித்தனம் பண்ணும். நடுவில் நாலு கட்டத்தைச் சேர்த்து ‘ராசி’ என்று எழுதுவதற்குள் உயிர் போய்விடும். அதனால் நாங்கள் கோடுகளைத் தனியாக வரைந்துவிட்டு, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி ஒவ்வொரு கிரகத்தையும் அதன் கட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துவோம். பிரிண்ட் எடுத்தால் கனகச்சிதமாக இருக்கும். ஊரில் பாதி ஜாதகங்கள் அப்போது ஸ்பேஸ் பாரின் தயவில்தான் நின்றுகொண்டிருந்தன. என்னுடையதும் அப்படித்தான்.

அடையாறு பரத்வாஜ் மாமா அப்பாவுக்கு ஏதோ வழியில் தெரிந்தவர். பிள்ளையோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று நியூ ஜெர்சி போனவர், அந்தப் பிள்ளைக்குப் பெண் தேடும் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஜாதகத்தை ஈமெயிலில் போடச் சொன்னார். வேர்டு ஃபைலையும், அதைப் படிக்க வேண்டிய தமிழ் ஃபான்ட்டையும் சேர்த்து அனுப்பிவைத்தேன். எத்தனையோ பேருக்கு அனுப்பியாகிவிட்டது, இதற்கென்று தனியாக நெஞ்சு படபடக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ‘பெண்ணுக்கு எட்டில் செவ்வாய். மன்னிக்கவும்.’

பெண் ஜாதகத்தில் எட்டாம் இடம் தாலி பாக்கியத்துக்கு உரியது. அங்கே செவ்வாய் உட்கார்ந்தால் புருஷன் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். அப்படிப்பட்ட பெண்ணுக்கு அதே தோஷம் உள்ள பையனைத்தான் பார்ப்பார்கள். தோஷமில்லாத பெண்ணைத் தோஷமுள்ள பையனுக்குக் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் என் செவ்வாய் எட்டில் இல்லை. ஒன்பதில், விருச்சிகத்தில், சொந்த வீட்டில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் வாடகை கொடுக்காமல் சொந்த வீட்டில் சௌக்கியமாக இருந்தது அது ஒன்றுதான்.

பாய் என் ஃபைலைப் பக்கத்து மெஷினில் வேறொரு தமிழ் ஃபான்ட்டில் போட்டுப் பார்த்தார். மற்றக் கிரகங்கள் கொஞ்சம் அசைந்தாலும் தங்கள் கட்டத்துக்குள்ளேயே இருந்தன. செவ்வாயை நான் கோட்டை ஒட்டி நிறுத்தியிருந்தேன். அது கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

“இன்னாம்மா இது, உன் செவ்வா நடந்து பூடுச்சே” என்றார் பாய்.

“நான் ஃபான்ட்டையும் சேத்துத்தானே பாய் அனுப்பினேன்?”

“நீ அனுப்ச்சே. அந்தப் புள்ள தன்கிட்ட இருந்த ஃபான்ட்லயே தொறந்துகீறான். நம்ம ஸ்பேஸு இத்துனூண்டு, அந்த ஃபான்ட்ல ஸ்பேஸு பெர்சு. வரி பூரா தள்ளிக்கினு போய்கீது. இனிமே வேர்டுல எதையும் வெளியூருக்கு அனுப்பாதம்மா. பிடிஎஃப் பண்ணிக் குடு. ஆணி அட்ச்சா மாதிரி நிக்கும், எவன் தொறந்தாலும் நகராது.”

பிடிஎஃப் பண்ணும் சிடி ஒன்றை அவர் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வாங்கி வந்து வைத்திருந்தார். பிரிண்ட் கொடுக்கும்போது பிரிண்டருக்குப் பதிலாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காகிதம் வராது, ஃபைல் வரும். ஃபான்ட்டையும் உள்ளேயே வைத்துத் தைக்கச் சொல்லி ஓர் இடத்தில் டிக் அடிக்க வேண்டும். முதல் தடவை அதை அடிக்காமல் விட்டு, என் பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ வந்து நின்றது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. செவ்வாய் ஒன்பதில் அசையாமல் இருந்தது. நடந்ததை விளக்கி நாலு வரி எழுதி அனுப்பினேன்.

இந்தத் தடவை மறுநாளே பதில் வந்துவிட்டது. முதலில் எட்டில் இருந்த கிரகம், தோஷம் என்று சொன்ன பிறகு ஒன்பதுக்குப் போயிருப்பது ஆச்சரியமாக இருக்கிறதாம். அதுவும் இந்த முறை யாரும் கை வைக்க முடியாத ஃபைலாகப் பார்த்து அனுப்பியிருக்கிறோமாம். பிறந்த நேரத்தை வைத்து நீங்களே கணித்துப் பாருங்கள் என்று அப்பா ஐஎஸ்டி போட்டுக் கெஞ்சினார். நேரத்தையும் மாற்றியிருக்கலாமே என்றாராம் பரத்வாஜ் மாமா.

அப்பா போனை வைத்துவிட்டு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார். என் வயதை இருபத்தொன்பது என்று தரகர் எழுதிக்கொண்டு போனதை, பஸ் பிடித்துத் தேடிப் போய் முப்பத்திரண்டு என்று திருத்திவிட்டு வந்த மனுஷர். அன்றோடு அந்த வரனும் போயிற்று, தரகரும் போனார். அப்பாவை, கிச்சா என்றால் ரூல் புஸ்தகம் என்று ஆபீஸில் கேலி பண்ணுவார்களாம். அவரைப் பார்த்து ஒருத்தர் ஜாதகத்தைத் திருத்தினவர் என்று சொல்லிவிட்டார். அம்மா காபியை வைத்தாள். அது ஆறி ஏடு படிந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பரத்வாஜ் மாமா மேல் கொஞ்சம், ஸ்பேஸ் பார் மேல் கொஞ்சம், செவ்வாய் மேல் நிறைய. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு உட்காரவும் தெம்பு வேண்டியிருக்கிறது. மறுநாள் வேறு யாருக்கோ முகூர்த்தப் பத்திரிகை இருந்தது, போய் அடித்தேன்.

அது அதோடு போயிருந்தால் தேவலை. பரத்வாஜ் மாமா என் முதல் ஜாதகத்தை, செவ்வாய் இடம் மாறிய அந்தப் பிரிண்ட்டை, தூக்கிப் போடவில்லை. நல்ல மனசோடு அதை நங்கநல்லூரில் இருக்கிற தன் அத்தை பெண்ணுக்கு அனுப்பிவைத்திருந்தார். அந்த மாமியின் பிள்ளைக்கும் செவ்வாய் தோஷம். பஹ்ரைனில் அக்கவுண்டன்ட், வயது முப்பத்தாறு, பெயர் பிரணதார்த்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாமி போன் பண்ணினாள்.

“உங்க பொண்ணுக்கு எட்டுல, எங்க பையனுக்கு ஏழுல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடறது. எத்தனை வருஷமாத் தேடிண்டிருக்கேன் தெரியுமோ? பையன் லீவுல வந்திருக்கான். வந்து பாக்கலாமா?”

ஸ்பீக்கர் போன் எங்கள் வீட்டில் கிடையாது. மாமியின் குரல் அதற்குத் தேவையும் வைக்கவில்லை. அப்பா வாயைத் திறந்தார், “அதுல ஒரு சின்ன…” என்று ஆரம்பித்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை, சும்மா பார்த்தாள். அப்பா, “வாங்கோ. தாராளமா வாங்கோ” என்று முடித்தார்.

வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. யாரும் என்னைப் பாடச் சொல்லவில்லை. தனியாக ஐந்து நிமிஷம் பேசச் சொல்லி எங்களைப் பால்கனிக்கு அனுப்பினார்கள். கீழே தண்ணி லாரிக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. பிரணதார்த்திக்கு முன்னந்தலை ஏறியிருந்தது, சட்டை புதுசு, அதன் மடிப்பு கூடக் கலையவில்லை.

“இந்த மாதிரி வந்து உக்காந்து உக்காந்து உங்களுக்கு அலுத்துப் போயிருக்குமே” என்றார்.

“உங்களுக்கு?”

“எனக்கு பஜ்ஜி சாப்பிட்டே கொலஸ்ட்ரால் வந்துடுத்து. நெஜமாத்தான், டாக்டர் சொன்னார்.”

நான் சிரித்துவிட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் என் வேலையைப் பற்றிக் கேட்டார், சும்மா கேட்கவில்லை, பதிலைக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது, “உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா எங்கிட்டயே சொல்லிடுங்கோ, நான் பாத்துக்கறேன்” என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வயதில்லை. ரொம்பப் பிடித்திருந்தது.

அவர் பஹ்ரைன் திரும்பினதும் நங்கநல்லூர் மாமி மறுபடி கூப்பிட்டாள். பையனுக்குப் பூரண சம்மதமாம். தன்னிடம் இருக்கிற பிரிண்ட் மடங்கி மடங்கி மசங்கிவிட்டதாம். ஜோசியர் முகூர்த்தம் குறிக்கத் தெளிவான காப்பி ஒன்று கேட்கிறாராம். “பிரணதார்த்திக்கே ஈமெயில்ல போட்டுடச் சொல்லுங்கோ. எந்தக் கம்ப்யூட்டர்ல பாத்தாலும் மாறாதாமே, என்னமோ எஃபுன்னு சொன்னான், அதுல போட்டா நல்லதாம்.”

அப்பா சரி என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் பரணிலிருந்து வெள்ளிப் பாத்திரங்களை இறக்கித் திருநீறு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் தினம் கடைக்குப் போவேன். ‘அனுப்பிட்டியா?’ என்று அப்பா கேட்பார் என்று எதிர்பார்ப்பேன். அவர் கேட்க மாட்டார், பேப்பரைப் புரட்டுவார். உண்மையான ஜாதகத்தை அனுப்பினால் மாமி பதறிப்போவாள், தோஷமில்லாத பெண்ணைத் தன் பிள்ளைக்குக் கட்டமாட்டாள். அனுப்பாமலே இருந்தால் சந்தேகப்படுவாள். இதை மூன்று பேரும் தனித்தனியாக யோசித்துக்கொண்டு, ஒரே ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா கடைக்கு வந்தார். அவர் அந்தப் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கியது. கஸ்டமர் ஸ்டூலில் உட்கார்ந்து, பிரிண்டரைப் பார்த்து, ஃபேனைப் பார்த்து, சாம்பிள் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் அச்சுப்பிழை கண்டுபிடித்துச் சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

“காமு” என்றார் கடைசியில். “அந்த முதல்ல அனுப்பினது இருக்கோன்னோ… நியூ ஜெர்சில நகர்ந்து போனது. அது மாதிரியே ஒண்ணு பண்ண முடியுமா? நகராம?”

எனக்குப் புரிந்தது. இருந்தாலும் கேட்டேன். “எதுப்பா?”

“எட்டுல இருக்கற மாதிரி.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “கல்யாணம் ஆயிட்டா அப்புறம் யாரு ஜாதகத்தை எடுத்துப் பாக்கப் போறா? அவாளா வந்து கேட்டது. நாமளா போய்ச் சொல்லலையே. அந்தப் பையன் நல்ல பையனா இருக்கான். நான் இன்னும் எத்தனை நாளைக்கு…” அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் மானிட்டரை அவர் பக்கம் திருப்பி, என் பெயரில் இருந்த ஃபைலைத் திறந்தேன். திரை முழுக்க ஜாதகம் வந்தது. பெயர், நட்சத்திரம், பிறந்த நேரம், கட்டம். கட்டத்தில் எட்டாம் இடத்தில், நட்டநடுவில், செவ்வாய்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் விரல் திரையைத் தொடாமல் லக்னத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டு போயிற்று. எட்டு என்று வந்ததும் நின்றது.

“இது அந்த வேர்டு ஃபைலா?”

“இல்லப்பா. பிடிஎஃப்தான். நகராது.”

“எப்போ பண்ணினே?”

“அவா வந்துட்டுப் போன மறுநாள் கார்த்தால.”

அவர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். கச்சேரி ரோட்டில் பஸ் ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே போயிற்று. அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, எரிச்சல்தான் வந்தது.

“எதுக்குப்பா இப்போ அழறேள்? நீங்கதானே வந்து கேட்டேள்?”

“கேட்டேன்” என்றார் அப்பா. “நீ மாட்டேன்னு சொல்லிடுவேங்கற தைரியத்துலதாம்மா கேட்டேன்.”